தூக்கிவாரிப் போடும் உடம்பும் மாதச் சுழற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நர்சிங் மாணவிகளுக்கு உடலியல் சொல்லிக் கொடுக்கிறேன். அது போக இளம்பிள்ளை தறிப் பக்கம், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள், ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடுகள் என்று மகளிர் குழுக் கூட்டங்களில் பேசப் போவதுண்டு. எங்கே போனாலும் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் தனியாக வந்து இதே சந்தேகத்தைக் கேட்கிறார்: சத்தம் கேட்டால் உடம்பு ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது, மாதத்தில் சில நாள் மட்டும் சத்தம், வெளிச்சம், கசகசப்பு எதுவுமே ஏன் தாங்கவில்லை. வீட்டில் சொன்னால் "உனக்கு எப்பவும் இதே நாடகம்" என்று வாயை அடைத்துவிடுகிறார்களாம். அது நாடகம் இல்லை என்பதற்கு 30 வருட ஆராய்ச்சி இருக்கிறது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

1. "குக்கர் விசில் அடிச்சாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுதுங்க டீச்சர். நான் அவ்வளவு பயந்தாங்கொள்ளியா?"

இல்லை. திடுக்கிடுவது ஓர் அனிச்சைச் செயல். பயம் வருவதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிடும். காதிலிருந்து கிளம்பும் செய்தி மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்துக்குப் போகிறது, அங்கிருந்து தண்டுவடம் வழியாக நேராகத் தசைகளுக்கு இறங்கிவிடுகிறது. அவ்வளவு குறுகிய பாதை. சத்தம் விழுந்து ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் ஆவதற்குள் இமை மூட ஆரம்பித்திருக்கும், அடுத்து கழுத்தும் தோளும் குறுகும். "என்ன சத்தம் அது?" என்று மேல்மூளை யோசிக்கத் தொடங்கும்போது உடம்பு தன் வேலையை முடித்திருக்கும்.

பச்சைக் குழந்தைக்கும் இது உண்டு, பட்டாளத்தில் இருந்தவருக்கும் உண்டு. அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். தூக்கம் கெட்டால் கூடும், மனசில் பதற்றம் இருந்தால் கூடும், மனிதர்களுக்கு இருட்டிலும் கூடுகிறது. ஆகவே கரண்ட் போன நேரத்தில் கதவு படாரென்று அடித்து நீங்கள் துள்ளினால் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

2. "மூளை வடிகட்டுதுன்னு சொல்றீங்களே, அது என்ன வடிகட்டி?"

இதைப் படிக்கும்போதே உங்கள் காதில் மின்விசிறி ஓடுகிறது, தெருவில் ஆட்டோ போகிறது, பக்கத்து வீட்டு டிவி கேட்கிறது, தோளில் புடவை உரசுகிறது. எல்லாவற்றையும் ஒரே கனத்தில் எடுத்துக்கொண்டால் ஒரு வரி கூட மண்டையில் ஏறாது. சவ்வரிசி ஆலையில் சல்லடை ஓடுவது போல மூளை விடாமல் சலித்துக்கொண்டே இருக்கிறது. தேவையானது மேலே நிற்கும், மற்றது கீழே போகும். இந்தச் சலிக்கும் வேலை தளர்ந்த நாளில் எல்லாமே மேலே வந்து நிற்கும். அன்றைக்குத்தான் பாத்திரம் தேய்க்கும் சத்தமும் குழந்தையின் நச்சரிப்பும் ஒன்றாகத் தலையில் ஏறி உட்காருகின்றன.

இதில் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். திடுக்கிடும் அளவு ஒன்று, வடிகட்டும் திறன் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும் என்பதில்லை. கீழே வரும் பதில்களில் பாதி இந்தப் பிரிவை வைத்துத்தான் நிற்கின்றன.

3. "அதை எப்படிங்க அளக்க முடியும்? சும்மா கேட்டுக்கிட்டு எழுதறாங்களா?"

கேட்டு எழுதுவது இல்லை. கண்ணுக்குக் கீழே இமையை மூடும் தசையின் மேல் சிறு மின்முனைகளை ஒட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிடுவார்கள். பின்னணியில் சுமார் 70 டெசிபல் இரைச்சல் ஓடும். நடுநடுவே 100 டெசிபலுக்கு மேல் ஒரு சத்தம் பட்டென்று வெடித்து நிற்கும். இமைத் தசை எவ்வளவு பலமாகச் சுருங்கியது என்று கருவி எழுதிக்கொள்ளும்.

அப்புறம்தான் விஷயமே. சில தடவை அந்தப் பெரிய சத்தத்துக்கு ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்னால் மிக மெல்லிய ஒரு சத்தத்தைக் கொடுப்பார்கள். அந்த மெல்லிய சத்தத்தை மூளை வாங்கிக் கையாண்டு கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் வேறு எதுவும் உள்ளே நுழைந்து கெடுக்காதபடி கதவை ஒருச்சாய்த்து வைக்கிறது. அதனால் பெரிய சத்தத்துக்கான துள்ளல் குறைகிறது. எத்தனை சதவீதம் குறைந்தது என்பதுதான் வடிகட்டலின் அளவு. ஆராய்ச்சியில் இதற்கு ப்ரீபல்ஸ் இன்ஹிபிஷன் என்று பெயர், தமிழில் முன்சத்தத் தடுப்பு என்று வைத்துக்கொள்வோம். நாம் நினைத்துச் செய்வது அல்ல இது. எலிக்கும் இப்படியே நடக்கிறது, அதனால்தான் எலியில் பார்த்ததை மனிதரோடு ஒப்பிட முடிகிறது.

4. "வெடி வைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சே நிக்கிறேன், அப்பவும் துள்ளுது. முன்னாடியே தெரிஞ்சா குறையணும்தானே?"

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மேலே சொன்ன முன்சத்தத் தடுப்பு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குள் மூளைத்தண்டில் நடப்பது. வெடி வெடிக்கப் போகிறது என்று திரியைப் பார்த்துக்கொண்டே நிற்பது வேறு, அது மேல்மூளையின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பில் கொஞ்சம் அச்சமும் கலந்திருந்தால் துள்ளல் குறைவதற்குப் பதில் கூடவே செய்யும். நம் நாட்டு விதிப்படி ஒரு பட்டாசு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை சத்தம் போடலாம், அந்தக் கனத்துக்கு யாருக்கும் உடம்பு அதிரத்தான் செய்யும். தள்ளி நில்லுங்கள், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

5. "ஆம்பளைங்களுக்கு இது கம்மியா?"

துள்ளலைப் பற்றிக் கேட்டால் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. வடிகட்டலில் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் நீல் ஸ்வெர்ட்லோவும் அவருடன் இருந்தவர்களும் 1993-இல் அளந்து பார்த்தபோது பெண்களின் முன்சத்தத் தடுப்பு சராசரியில் ஆண்களைவிடக் குறைவாக இருந்தது, பிறகு வேறு இடங்களிலும் அதே முடிவு வந்தது. மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்களை எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி தேய்ந்துவிடுகிறது. இதில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்ற சந்தேகம் அங்கிருந்துதான் வலுத்தது.

சராசரி என்பதை மறந்துவிடாதீர்கள். நல்ல வடிகட்டல் உள்ள பெண்களும் சுமாரான வடிகட்டல் உள்ள ஆண்களும் நிறையப் பேர்.

6. "மாசத்துல ஒரு வாரம், பத்து நாள் மட்டும் சத்தமே ஆகாது எனக்கு. மத்த நாள் ஒண்ணுமில்ல. எல்லாம் என் மனப்பிரமையா?"

பிரமை இல்லை, ஆய்வுக்கூடத்திலேயே தெரிந்த மாற்றம். மாதச் சுழற்சி 21 முதல் 35 நாள் வரை எப்படி இருந்தாலும் இரண்டு பாதியாகப் பார்க்கலாம். மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து முட்டை வெளியாகும் வரை முதல் பாதி. இதில் ஈஸ்ட்ரோஜன் மெல்ல ஏறி முட்டை வெளியாவதற்குச் சற்று முன் உச்சத்துக்குப் போகும், புரோஜெஸ்ட்ரோன் மிகக் குறைவு. முட்டை வெளியான பிறகு பின்பாதி. அதுவரை ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் கூட இல்லாத புரோஜெஸ்ட்ரோன் 10, சிலருக்கு 20 வரை போகும். கரு தங்கவில்லை என்றால் கடைசி நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் சேர்ந்து சரியும், அந்தச் சரிவின் முடிவில் மாதவிலக்கு வரும்.

1997-இல் ஸ்வெர்ட்லோ குழுவும், 2004-இல் தன்யா யோவனோவிச் குழுவும் இரண்டு பாதிகளிலும் பெண்களை அளந்தார்கள். பின்பாதியில் முன்சத்தத் தடுப்பு குறைந்தது. ஆனால் ஆரோக்கியமான பெண்களிடம் துள்ளலின் அளவு அப்படிப் பெரிதாக மாறவில்லை, வடிகட்டல்தான் தளர்ந்தது. "பயம் வரலைங்க டீச்சர், எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து மேல விழுது" என்று இளம்பிள்ளையில் ஒரு அக்கா சொன்னார். அந்த முடிவை இதைவிடத் துல்லியமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

7. "அப்ப ஈஸ்ட்ரோஜன் நல்லது, புரோஜெஸ்ட்ரோன் கெட்டதுன்னு வெச்சுக்கலாமா?"

வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் மூளையில் டோபமின், செரட்டோனின், அசிட்டைல்கோலின் என்று பல வேதிப்பொருள்களின் வேலையைத் தொடுகிறது, இவை எல்லாமே வடிகட்டலில் பங்குள்ளவை. புரோஜெஸ்ட்ரோனோ உடம்புக்குள் அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறுகிறது. அது மூளையின் முக்கிய அமைதிப்படுத்தியான காபா என்ற பொருளின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் உட்கார்ந்து காபாவின் வேலையைக் கூட்டும். அப்படிப் பார்த்தால் பின்பாதியில் எல்லாருக்கும் அமைதி அல்லவா வர வேண்டும்? பலருக்கு அப்படித்தான், அந்த நாட்களில் கொஞ்சம் தூக்கக் கலக்கமாகக் கூட இருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அலோபிரெக்னனலோன் நாள் கணக்கில் கூடவே இருந்துவிட்டுச் சட்டென்று விலகும்போது காபா ஏற்பிகளின் அமைப்பே மாறிவிடுகிறது. 1998-இல் ஷெரில் ஸ்மித் குழு எலிகளில் இதைக் காட்டியது: புரோஜெஸ்ட்ரோனை நிறுத்தியதும் ஏற்பியின் துணைக்கூறு ஒன்று கூடி, மூளை எளிதில் கிளர்ச்சியடைந்தது, எலிகளுக்குப் பதற்றம் கூடியது. ஆகவே எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதும் முக்கியம். நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான், ஏனென்றால் 10-வது, 11-வது, 14-வது கேள்விகளுக்கும் இதுவே அடிப்படை.

8. "தேதி நெருங்க நெருங்க எரிச்சல், அழுகை, தட்டு விழுந்தா கூட அலறிடறேன். வந்ததும் சரியாயிடுது. இதுக்கு வைத்தியம் இருக்குதா?"

இருக்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய லேசான எரிச்சல் நிறையப் பேருக்கு உண்டு. வேலையும் உறவும் குலையும் அளவுக்குப் போனால் அதற்குப் பெயர் மாதவிலக்கு முன் மனச்சோர்வுக் கோளாறு, மருத்துவர்கள் பி.எம்.டி.டி. என்பார்கள். நூறு பெண்களில் ஏறக்குறைய 3 முதல் 8 பேருக்கு இருக்கிறது. 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 மனநோய் வகைப்பாட்டில் இது தனிக் கோளாறாகவே சேர்க்கப்பட்டது.

ஸ்வீடனில் உப்சாலா ஆய்வாளர்கள் 2008-இல் இவர்களை அளந்தார்கள். 6-வது பதிலில் சொன்ன ஆரோக்கியமான பெண்களிலிருந்து இவர்கள் வேறுபட்டார்கள்: மாதத்தின் இரண்டு பாதியிலுமே துள்ளல் அதிகம், மாதவிலக்கை ஒட்டிய கடைசி நாட்களில் வடிகட்டலும் குறைவு. தட்டு விழுந்தால் அலறுவதற்கு அடியில் இருப்பது இதுதான். செரட்டோனின் மேல் வேலை செய்யும் மாத்திரைகள் இந்தக் கோளாறுக்கு நன்றாகக் கேட்கின்றன. மற்ற மனச்சோர்வுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இதற்குச் சில நாளிலேயே பலன் தெரிவதால் பின்பாதியில் மட்டும் சாப்பிடும்படி கூட மருத்துவர் எழுதித் தரலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "மனநலம்" என்ற பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

9. "ரத்தம் குடுத்து ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சுடுமா?"

இதற்காக மட்டும் என்றால் காசு வீண். பி.எம்.டி.டி. உள்ள பெண்களின் ரத்தத்தில் ஹார்மோன் அளவு மற்ற பெண்களைப் போலவே சரியாக இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை அவர்களுடைய மூளை வாங்கிக்கொள்ளும் விதம்தான் வேறு. ஒரு நோட்டில் தினமும் தேதி, மாதவிலக்கு தொடங்கி எத்தனையாவது நாள், சத்தம் எவ்வளவு தாங்கவில்லை, தூக்கம் எத்தனை மணி என்று நாலே விஷயம் இரண்டு மாதம் எழுதுங்கள். மருத்துவருக்கு எந்த ரிப்போர்ட்டையும்விட அது உதவும். தைராய்டு பரிசோதனை மட்டும் வேறு கணக்கு, 18-வது கேள்வியில் வருகிறது.

10. "ஏழு மாசம் எனக்கு. சின்னச் சத்தத்துக்கும் உடம்பு அதிருது, பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா?"

ஒரு வெடிச் சத்தத்துக்கோ கதவு அடித்ததற்கோ திடுக்கிட்டதால் கரு கலையாது. "பயந்துட்டா, அதான் கலைஞ்சுடுச்சு" என்று ஒரு பெண்ணின் தலையில் பழியைப் போடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். உங்கள் பிள்ளைக்கே ஏழாம் மாதத்தில் காது கேட்கும், பலத்த சத்தத்துக்கு உள்ளே அதுவும் துள்ளும், அது நல்ல அறிகுறிதான்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் சாதாரண மாதத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த மாதங்களில் முன்சத்தத் தடுப்பை அளந்தபோது பிரசவம் முடிந்த பெண்களைவிடக் குறைவாக இருந்தது. ஆக உங்களுக்கு இப்போது எல்லாம் பெரிதாகக் கேட்பது நடக்கக்கூடியதே. நாள் முழுக்கப் பேரிரைச்சலில் நிற்பது மட்டும் வேறு விஷயம், விசைத்தறிக் கூடத்தில் வேலை என்றால் சத்தம் குறைந்த வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

11. "பிரசவம் ஆகி பதினஞ்சு நாள். பிள்ளை முனகினாலே எழுந்து உக்காந்துக்கறேன். நல்லதா கெட்டதா?"

பிள்ளையின் முனகலுக்கு எழுவது எல்லாத் தாய்க்கும் உண்டு. நச்சுக்கொடி வெளியே வந்த சில நாட்களுக்குள் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும், ஒரு பெண்ணின் வாழ்நாளில் இதைவிடப் பெரிய சரிவு கிடையாது. 7-வது பதிலில் சொன்னபடி சரிவு என்பதே மூளைக்கு ஒரு வேலை. கூடவே தூக்கமும் துண்டு துண்டாகப் போகிறது.

பிள்ளை நன்றாகத் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எந்நேரமும் பதற்றம், அழுகை, பிள்ளையைத் தொடவே மனசு வரவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். இதில் அலோபிரெக்னனலோனுக்குப் பங்கு இருப்பதைப் பிடித்துக்கொண்டு மருந்தே செய்தார்கள்: ஊசி வழி செலுத்தும் பிரெக்ஸனலோனுக்கு 2019-இலும், விழுங்கும் ஜுரனலோனுக்கு 2023-இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம்மூரில் வேறு நல்ல மருந்துகளும் ஆலோசனையும் கிடைக்கின்றன. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

12. "குழந்தைக்கு அப்பப்ப கை ரெண்டும் விரிஞ்சு தூக்கிப் போடுது. பயந்த கோளாறுன்னு மந்திரிக்கச் சொல்றாங்க."

பெண் ஹார்மோனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு இருக்க வேண்டிய அனிச்சைச் செயல் அது, பொதுவாக 4 முதல் 6 மாதத்துக்குள் மறைந்துவிடும். ஆனால் தூங்கி எழுந்ததும் வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாகக் கை விரிவதும் தலை குனிவதுமாக வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள், அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம்.

13. "வயசுக்கு வந்த புள்ள காதைப் பொத்திக்கிட்டே திரியுது. ஹார்மோனா?"

பூப்படைந்த முதல் ஓரிரு வருடம் பல சுழற்சிகளில் முட்டையே வெளியாவதில்லை. முட்டை வெளியாகாவிட்டால் 6-வது பதிலில் சொன்ன பின்பாதி புரோஜெஸ்ட்ரோன் ஏற்றமும் இல்லை. அதனால் மாதச் சுழற்சியின் மேல் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். முதலில் தூக்கத்தைப் பாருங்கள், அப்புறம் பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். சின்ன வயதிலிருந்தே மிக்ஸி சத்தம், சட்டையின் பின்பக்க லேபிள், கூட்டம் எதுவும் ஒத்துக்கொள்ளாமல் இருந்த பெண் என்றால் ஆட்டிசம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பெண் பிள்ளைகளிடம் அது தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது.

14. "நாப்பத்தேழு வயசு. நடு ராத்திரி வேர்த்து ஊத்தி, திடுக்குனு எழுந்துக்கறேன்."

மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஒழுங்காக இறங்குவதில்லை, ஒரு மாதம் எகிறும், ஒரு மாதம் சரியும். அந்த ஆட்டம் மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் இடத்தைத் தொடும்போது உஷ்ண அலை வரும். அலை தூக்கத்தைக் கலைக்கிறது, தூக்கம் கலைவதால் மறுநாள் சத்தம் தாங்குவதில்லை. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. மாதவிலக்கு நின்று, ஆட்டம் அடங்கிய பிறகு நிறையப் பேருக்கு இது தணிந்துவிடுகிறது. அதுவரை பொறுக்க முடியாவிட்டால் சிகிச்சை உண்டு, மகப்பேறு மருத்துவரைக் கேளுங்கள்.

15. "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. இனி மாச மாசம் இந்தத் தொந்தரவு இருக்காதுதானே?"

எதை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது, டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து சினைப்பைகளை விட்டிருந்தால் ரத்தப்போக்கு நிற்கும், ஹார்மோன் ஏற்ற இறக்கம் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். தேதி தெரியாததால் "காரணமே இல்லாமல்" சத்தம் தாங்காத நாட்கள் வருவதாகத் தோன்றும், 9-வது பதிலில் சொன்ன நோட்டு இங்கே இன்னும் அவசியம். இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் சில வருடங்களில் மெல்ல நடக்க வேண்டியது ஓரிரு நாளில் நடந்துவிடும், 14-வதில் சொன்ன தொந்தரவு எல்லாம் ஒரே மூச்சில் வரலாம். சீட்டு கிடைக்கவில்லை என்றால் ஆபரேஷன் செய்த இடத்தில் எழுதி வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

16. "கருத்தடை மாத்திரை போட்டா இதெல்லாம் நின்னுடுமா? கோயிலுக்காக நாள் தள்ற மாத்திரையும் போடுவோமே?"

மாலா-என் போன்ற கலப்பு மாத்திரை முட்டை வெளியாவதை நிறுத்துவதால் இயற்கையான ஏற்ற இறக்கம் அடங்கும், சிலருக்கு நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் அதில் உள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற செயற்கை ஹார்மோன் நம் உடம்பின் புரோஜெஸ்ட்ரோன் போல அலோபிரெக்னனலோனாக மாறாது. 7-வது பதிலைப் படித்தவர்களுக்கு இது புரியும்: அமைதிப்படுத்தும் அந்தப் பங்கு கிடைக்காது. சிலருக்கு மனசு கனத்துப் போவதும் உண்டு. ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நாள் தள்ளிப் போடப் பலரும் கடையில் கேட்டு வாங்குவது நோரெத்திஸ்டிரோன். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கோடு எரிச்சலும் தலைவலியும் சேர்ந்து வரலாம். காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், வீட்டில் யாருக்காவது அது இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பாதி அட்டையை விழுங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

17. "ஏற்காட்டுக் காபியை நிறுத்தணுமா?"

எஸ்டேட்டில் இந்தக் கேள்வியைக் கவலையோடுதான் கேட்பார்கள். நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறச் சாதாரணமாகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரை கூட. அதாவது மாலை நாலு மணிக் காபி, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மறுநாள் காலை வரை ரத்தத்தில் நிற்கும். தூக்கம் போகும், துள்ளல் ஏறும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

18. "எது ஹார்மோன், எது வேற நோய்னு எப்படிங்க பிரிக்கிறது?"

மாதத்தோடு வந்து மாதத்தோடு போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மாதம் முழுக்க ஒரே மாதிரி படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரைக்குள் ஒற்றைப் பக்கத் தலைவலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது என்றால் அது ஈஸ்ட்ரோஜன் சரிவால் வரும் மைக்ரேன். அதற்கென்று தனி மருந்து இருக்கிறது, பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

தறிக்காரர்கள் காதையும் பார்க்க வேண்டும். 85 டெசிபலைத் தாண்டிய இரைச்சலில் வருடக்கணக்கில் நின்றால் உள்காது கெடும். கெட்ட காதுக்கு மெதுவான பேச்சு கேட்காது, ஆனால் கொஞ்சம் சத்தம் கூடினால் திடீரென்று பொறுக்க முடியாத அளவுக்கு உரக்கக் கேட்கும். இது பலருக்கு விசித்திரமாகப் படுகிறது. "தறிச் சத்தம் பழகிடுச்சு, டம்ளர் விழுந்தா மட்டும் தாங்கல" என்பவர்கள் காது மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் அவசரம். அலாரமோ போன் மணியோ திடீரென்று அடித்ததும் மயங்கி விழுவது, அதுவும் பிரசவமான முதல் மாதங்களில் நடந்தால், இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு கோளாறாக இருக்கலாம். குடும்பத்தில் சிறு வயதில் திடீர் மரணம் நடந்திருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், "பயந்துட்டா" என்று தண்ணீர் தெளித்து உட்கார வைத்துவிடக் கூடாது.

19. "வடிகட்டி கெட்டா பைத்தியம்னு யாரோ சொன்னாங்க. அப்படியா?"

அந்தப் பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது. 1978-இல் டேவிட் பிராஃப் குழு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் உள்ளவர்களிடம் முன்சத்தத் தடுப்பு குறைந்திருப்பதைக் காட்டியது. அதை யாரோ தலைகீழாக்கிவிட்டார்கள். வேறு பல நிலைகளிலும் அது குறைகிறது, ஆரோக்கியமான பெண்ணுக்கே மாதத்தின் பாதியில் குறைகிறது என்றுதானே இவ்வளவு நேரம் பார்த்தோம். இந்த அளவை வைத்துத் தனி ஒருவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று யாரும் முடிவு செய்வதில்லை.

20. "வீட்டுக்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கிப் போடுது. அதுவும் ஹார்மோன்தானா?"

இதைக் கேட்டவர் ஒருவர் இல்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் எல்லாரும் கேட்டார்கள். மாதத்தின் எல்லா நாளிலும், ஒரு குறிப்பிட்ட ஆளின் காலடி, குரல், வண்டி இவற்றுக்கு மட்டும் உடம்பு அதிர்ந்தால் காரணம் மாதச் சுழற்சி இல்லை. மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை ஒரு சத்தத்தோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும், அந்தச் சத்தம் கேட்டதும் 1-வது பதிலில் சொன்ன பான்ஸ் பாதையின் துள்ளலைத் தானே ஏற்றிவிடும். உடம்பு சரியாகத்தான் வேலை செய்கிறது, ஆபத்து வெளியே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த நாட்களில் அந்தப் பயம் அடங்க இன்னும் நேரமாகலாம், அவ்வளவுதான் ஹார்மோனின் பங்கு. அடி, மிரட்டல் எதுவாக இருந்தாலும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

21. "இதையெல்லாம் வெளிய சொன்னா, பொம்பளைங்க வேலைக்கு லாயக்கில்லைன்னு சொல்லிட மாட்டாங்களா?"

சொல்வார்கள் என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. அளவைப் பாருங்கள்: இங்கே பேசுவது இமைத் தசையில் கருவி வைத்தால்தான் தெரியும் சராசரி மாற்றம். கொலுசுப் பட்டறையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணியைப் பற்றவைக்கும் பெண் மாதத்தின் 30 நாளும் அதே சுத்தத்தோடுதான் பற்றவைக்கிறார். உடம்பு கொஞ்சம் கூடுதல் பாடுபட்டு அதைச் சரிக்கட்டுகிறது, அன்றைக்குச் சாயங்காலம் களைப்பு அதிகம். முதலாளியிடம் கேட்க வேண்டியது காதடைப்பானும் நடுவில் பத்து நிமிட ஓய்வும். இரண்டும் ஆண்களுக்கும் தேவைப்படுகிறவைதான்.

22. "நீங்க சொன்ன மாதிரி ரெண்டு மாசம் எழுதினேன். ஒரு ஒழுங்கும் தெரியல. இப்ப என்ன பண்றது?"

நல்ல செய்திதான், ஒரு காரணத்தைக் கழித்துவிட்டீர்கள். நோட்டைத் திருப்பித் தூக்கக் கணக்கை மட்டும் படியுங்கள். சத்தம் தாங்காத நாட்களுக்கு முந்தைய இரவு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். அதுவும் இல்லையென்றால் 18-வதில் சொன்ன தைராய்டும் காதும், அப்புறம் 20-வது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் அந்த நோட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.